நான்கு பேர் வாசிக்க, பெயர் ஒன்று: நாகசுர ஒலிப்பதிவுப் பரிந்துரைகளின் பிழை

ஓர் எளிய சோதனை. திருப்பதியிலோ சித்தூரிலோ இசையில் நாட்டமுள்ள ஆய்வு மாணவர் ஒருவரிடம், டிரம்பெட் முதன்மை வாத்தியமாக அமைந்த ஜாஸ் நால்வர் குழுக்களின் நல்ல ஒலிப்பதிவுகள் மூன்றைப் பரிந்துரைக்குமாறு கேட்டுப் பார்க்கலாம். கைபேசியைத் திறந்து இரண்டு நிமிடங்களில் சொல்லிவிடுவார். ‘குவையட் கென்னி’: 1959 நவம்பர் 13இல் பதிவானது, டிரம்பெட் கென்னி டோர்ஹம், பியானோ டாமி ஃபிளானகன், பாஸ் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஆர்ட் டெய்லர். ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’: 1959 மே 22, ஆல்டோ சாக்சஃபோன் ஆர்னெட் கோல்மன், டிரம்பெட்டின் உடன்பிறப்பான கார்னெட்டில் டான் செர்ரி, பாஸ் சார்லி ஹேடன், டிரம்ஸ் பில்லி ஹிக்கின்ஸ். மூன்றாவதாக, 23 வயதில் மறைந்த புக்கர் லிட்டில் 1960இல் தம் பெயரிலேயே வெளியிட்ட தட்டு: பாஸ் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் ராய் ஹெய்ன்ஸ். பியானோவில் மட்டும் டாமி ஃபிளானகன், விண்டன் கெல்லி என இருவர். எந்தப் பாடலில் எவர் வாசித்தார் என்பதையும் அத்தட்டின் விவரக் குறிப்பு பிரித்துச் சொல்லும்.

அடுத்து, அதே மாணவரிடம் நாகசுர ஒலிப்பதிவுகள் மூன்றைக் கேட்க வேண்டும். அதற்கும் தயங்கமாட்டார். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, காருகுறிச்சி அருணாசலத்தின் பதிவு ஒன்று, ஷேக் சின்ன மௌலானாவின் பதிவு ஒன்று என்பார். நல்ல தேர்வுகளே. ஆனால் அந்தத் தோடியில் தவில் வாசித்தவர் யார்? ஒத்து ஊதியவர் யார்? தாளம் போட்டவர் யார்? எந்த ஊரில், எந்த நாளில் பதிவானது? இக்கேள்விகளுக்கு மாணவரிடம் விடை இல்லை. அவருக்குப் பாடம் சொன்ன பேராசிரியரிடமும் பெரும்பாலும் இருக்காது. நியூயார்க்கின் கூடம் ஒன்றில் அறுபது ஆண்டுகளுக்கும் முன்னர் பாஸ் வாசித்தவரின் பெயர் தெரிகிறது. தன் ஊர்க் கோவிந்தராஜர் கோயில் வாசலில் இன்று காலை தவில் வாசித்தவரின் பெயர் தெரியவில்லை.

இதை மாணவரின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. ‘கேட்க வேண்டிய சிறந்த நாகசுரப் பதிவுகள்’ என்று கல்விப்புலத்தாரே தொகுத்துப் பகிரும் பட்டியல்கள், பாடத்திட்டத்தில் இணைக்கும் கேள்வித் துணைகள், ஆய்வேடுகளின் பின்னிணைப்புகள் ஆகிய அனைத்திலும் வேரூன்றிய பிழை இது. ஒரு குழுவின் இசையை ஒருவரின் இசையாக எழுதிக்கொண்டிருக்கிறது தமிழ்க் கல்வியுலகம். பெயர் விடுபட்டது சிறிய தவறு போலத் தோன்றலாம். உண்மையில் இசையைப் பற்றிய புரிதலே அங்குத் தவறிவிடுகிறது. அந்தப் பிழையின் விலையை மேளத்தின் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்த இளைஞர்கள் கொடுத்துவிட்டார்கள்.

மேளம் என்பது எது என்பதிலிருந்து தொடங்குவது தகும். பழைய வழக்கில் பெரிய மேளம் என்றால் நாகசுரக் குழு. சின்ன மேளம் என்றால் ஆடல் மகளிரின் குழு. பெரிய மேளத்தில் பணிகள் நான்கு. ஆச்சா மரத்தில் கடைந்த உடலும், நுனியில் சீவாளியும், அடியில் அணைசும் கொண்ட நாகசுரம் ராகத்தையும் உருப்படியையும் ஏந்துகிறது. பலா மரத்தாலான தவிலில், விரல்களில் கூடு மாட்டிய கை வலந்தலையிலும், கழி பிடித்த கை தொப்பியிலும் விழுகின்றன. நாகசுரத்தின் வடிவிலேயே, ஆனால் வாசிப்புத் துளைகள் இல்லாமல் அமைந்த ஒத்து, ஆதார சுருதியை இடையறாமல் தருகிறது. கைத்தாளம் காலக் கணக்கைக் காக்கிறது. இரண்டு நாகசுரம், இரண்டு தவில் என்று குழு விரிவதும் உண்டு. ஆட்கள் கூடினாலும் பணிகள் அந்த நான்குதான். ஜாஸ் நால்வர் குழுவில் டிரம்பெட், பியானோ, பாஸ், டிரம்ஸ் என்னும் நான்கு பணிகள் இருப்பதைப் போன்றதே இது. இரண்டிலும் காற்று வாத்தியம் முன்னே நிற்கிறது; மற்ற மூன்றும் அது நிற்பதற்கான தரையை அமைக்கின்றன.

பேச்சு வழக்கு இதை மறக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சித்தூர் மாவட்டத்துத் தமிழர் வீடுகளில் திருமணத்திற்கு ‘மேளம் சொல்லியாயிற்றா’ என்றுதான் கேட்பார்கள். ‘நாகசுரம் சொல்லியாயிற்றா’ என்று கேட்பவர் அரிது. மேளதாளம், கெட்டிமேளம், மேளக்காரர் ஆகிய சொற்கள் அனைத்திலும் குழுவே பொருளாக நிற்கிறது. தெலுங்கில் ‘சன்னாயி மேளம்’ என்பர். இன்னும் சிறப்பாக ‘பஜந்த்ரீலு’ என்பர். அச்சொல் வழக்கில் பன்மையிலேயே வருகிறது. தாலி கட்டும் வேளையில் தெலுங்கு வீட்டார் ‘பஜந்த்ரீலு’ என்று உரக்க அழைக்கும்போது அவர்கள் அழைப்பது தனியொருவரை அன்று, குழுவை. இரு மொழிகளின் அன்றாட வழக்கும் குழுவை முதலில் காண்கிறது. கல்விப்புலத்தின் ‘நாகசுர இசை’, ‘நாகசுரக் கலைஞர்’, ‘நாகசுரக் கச்சேரி’ என்னும் கலைச்சொற்களோ ஒரு வாத்தியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றைக் கைவிடுகின்றன. எளிய மக்களின் சொல் துல்லியமாக இருக்க, அறிஞர்களின் சொல் குறைபட்டிருக்கும் அரிய இடங்களுள் இதுவும் ஒன்று.

வாத்தியத்தின் பெயர் நாகசுரமா நாதசுரமா என்னும் விவாதத்தை இங்கே நினைவுகூரலாம். கல்வெட்டுச் சான்றுகளும் இலக்கியச் சான்றுகளும் காட்டிப் பல்லாண்டுகள் எழுதப்பட்டுவிட்டன. தெலுங்கில் நாகஸ்வரம் என்றால் பாம்பாட்டியின் மகுடியைக் குறிக்கும் என்பதால் திருப்பதி வட்டாரத்தில் நாதஸ்வரம் என்பதே நிலைத்தது என்பதும் மொழியியல் நோக்கில் சுவையான செய்திதான். ஆயினும் ககரமா தகரமா என்று வழக்காடிய அதே பல பத்தாண்டுகளில்தான், ஒத்து என்னும் வாத்தியமே மேடைகளிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோனது. அதன் மறைவைக் குறித்து அவ்வளவு தாள்கள் எழுதப்படவில்லை. ஓர் எழுத்துக்குக் கிடைத்த கவனம் ஒரு வாத்தியத்திற்குக் கிடைக்கவில்லை.

குழுவை நீக்கிவிட்டு நாகசுரத்தை மட்டும் கேட்பது இயலாத செயல் என்பதற்கு மல்லாரியே போதிய சான்று. சுவாமி புறப்பாட்டின்போது கம்பீரநாட்டையில் வாசிக்கப்படும் மல்லாரிக்குச் சாகித்தியம் இல்லை. சொல்லின் துணையின்றி, தாளக் கட்டமைப்பையே உடலாகக் கொண்ட உருப்படி அது. சின்ன மல்லாரி, பெரிய மல்லாரி, தேர் மல்லாரி, தளிகை மல்லாரி என்று சடங்கின் தேவைக்கேற்பப் பிரியும். மூன்று காலங்களில் வாசிக்கப்படும். கீழ்க்காலத்தில் நாகசுரம் நீட்டிப் பிடிக்கும் ஒவ்வொரு சுரத்தின் அடியிலும் தவில் நடையை நிரப்பிக்கொண்டே செல்கிறது. காலம் ஏறும்போது யார் யாரை இழுத்துச் செல்கிறார் என்று சொல்ல முடியாதபடி இரண்டும் பின்னிக்கொள்கின்றன. ரக்தி என்னும் அரிய வகையிலும் இதே நிலை. அங்கேயும் சாகித்தியம் கிடையாது. தவிலின் சொற்கட்டும் நாகசுரத்தின் சுரக்கட்டும் ஒன்றுக்கொன்று விடை சொல்வதே இசை. இத்தகைய பதிவைப் பரிந்துரைக்கும்போது தவில்காரரின் பெயரை விடுவது, உரையாடலைப் பதிப்பித்துவிட்டுப் பேசிய இருவரில் ஒருவரின் பெயரை நீக்குவதற்கு ஒப்பானது.

‘ஆலாபனையில் தவிலுக்கு என்ன வேலை, அங்கே நாகசுரம் தனித்துத்தானே நிற்கிறது’ என்று கேட்போர் உண்டு. தோடியை மீண்டும் கேட்க வேண்டும். ஆலாபனையின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தவில் மெல்லத் தொட்டுச் செல்லும் சொற்கள், அடுத்த பிடிக்கு இடம் அமைக்கின்றன. கார்வையில் நாகசுரம் நிற்கும்போது அது எதன் மீது நிற்கிறது? ஒத்தின் மீது. நாகசுரக்காரர் மூச்செடுக்கும் கணத்தில் இசை அறுந்துபோகாமல் காப்பது யார்? ஒத்துக்காரர். அவர் மூக்கால் மூச்சை இழுத்து, கன்னத்தில் தேக்கிய காற்றைச் சீவாளிக்குள் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கணக்கில், ஒரே சுரத்தில், அசையாமல். அதைத் திறமை என்று எண்ணாதவர் ஐந்து நிமிடம் ஊதிப் பார்க்கட்டும்.

ஒத்து போனது எப்படி? இருபதாம் நூற்றாண்டின் போக்கில் சுருதிப்பெட்டி வந்தது. பின்னர் மின்சுருதி வந்தது. ஓர் ஆளின் சம்பளம் மிச்சமாயிற்று, வண்டியில் ஓர் இடம் மிச்சமாயிற்று. சுருதி தவறாது என்னும் உறுதியும் கிடைத்தது. நடைமுறை நெருக்கடியில் வாழும் மேளக்காரர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. குறை, அந்த மாற்றத்தை இசை மாற்றமாகக் கருதி ஆராயாத அறிவுலகத்தின்மீதுதான். ஜாஸ் வரலாற்றில் 1952இல் ஜெர்ரி மல்லிகன் நால்வர் குழு பியானோவை நீக்கியது. பாரிடோன் சாக்சஃபோனில் மல்லிகன், டிரம்பெட்டில் செட் பேக்கர், பின்னால் பாஸும் டிரம்ஸும் மட்டுமே. ஒரு வாத்தியம் போனதால் மற்ற மூன்றின் பொறுப்பும் எவ்வாறு மாறியது, சுரக்கூட்டின் அடித்தளத்தைப் பாஸ் எவ்வாறு தனியாகத் தாங்கியது, டிரம்பெட்டும் சாக்சஃபோனும் எவ்வாறு ஒன்றையொன்று பின்னிச் சென்றன என்று இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒத்து நீங்கியபோது நாகசுரத்தின் கார்வை மாறியதா? மரமும் சீவாளியும் தந்த சுருதியின் நிறத்தை மின்கருவி தருகிறதா? எவரும் உரிய அளவில் கேட்கவில்லை. அங்கே நீக்கம் ஒரு கலை முடிவாக விவாதிக்கப்பட்டது. இங்கே ஒரு செலவுக் குறைப்பாகக் கடந்துபோனது.

இழந்தது ஓசையை மட்டுமன்று. ஒத்தும் தாளமும் மேளத்தின் பள்ளிக்கூடங்களாக இருந்தன. குருவிடம் சேர்ந்த சிறுவன் முதலில் பிடித்தது தாளத்தையோ ஒத்தையோதான். இரவு முழுவதும் புறப்பாட்டில் குருவின் பக்கத்தில் நடந்து, சுருதியை விடாமல் ஊதி, ராகம் எவ்வாறு விரிகிறது, தவில்காரரின் கோர்வைக்கு நாகசுரம் எவ்வாறு இடம் விடுகிறது, மழை வந்தால் உருப்படியை எங்கே சுருக்குவது, தேர் நின்றால் எதை நீட்டுவது என்பனவற்றையெல்லாம் காதால் கற்றான். சிறிய கூலியும் கிடைத்தது, சோறும் கிடைத்தது. மேடையில் இருந்துகொண்டே கற்கும் இடம் அது. சுருதிப்பெட்டி அந்த இருக்கையில் அமர்ந்தபோது, ஒரு மாணவன் எழுந்துபோனான். பயிற்சிப் பள்ளிகளில் சேர்வோர் குறைகிறார்கள் என்று கருத்தரங்குகளில் வருந்துவோர், மேளத்திற்குள்ளேயே இருந்த இந்தப் பள்ளி மூடப்பட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை. பல கோயில்களில் மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் பூசை வேளையில் ஒலிப்பது அதே பாதையின் அடுத்த படி. முதலில் நான்காமவர் போனார். பின்னர் நால்வருமே தேவையற்றவராயினர்.

தவிலின் நிலை சற்று வேறு. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலந்தொட்டு ‘ஸ்பெஷல் தவில்’ என்னும் வழக்கம் எழுந்தது. பெரிய தவில் வித்துவான்களின் பெயர்கள் விளம்பரங்களில் இடம்பெற்றன. யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியைக் கேட்பதற்கென்றே கூட்டம் கூடியது. அவரைப் பற்றி அம்ஷன் குமார் ஆவணப்படமும் எடுத்தார். பி.எம். சுந்தரத்தின் ‘மங்கல இசை மன்னர்கள்’ நாகசுரக்காரர்களோடு தவில்காரர்களின் வாழ்க்கையையும் பதிந்தது. இவை பெருமைக்குரிய விதிவிலக்குகள். ஆனால் நூலில் இடம்பெற்ற பெயர்கள் பரிந்துரைப் பட்டியல்களுக்கு வந்து சேரவில்லை. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் நாகசுரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பதை இசை மாணவர் பலர் அறிவர். தவில்காரராகத் திரையில் வந்த டி.எஸ். பாலையாவை எல்லாரும் அறிவர். அத்தவிலின் ஓசைக்கு உரியவர் யார் என்று வகுப்பறையில் கேட்டால் எத்தனை கைகள் உயரும்? நடித்தவரின் பெயர் நின்றது. வாசித்தவரின் பெயர் நிற்கவில்லை.

இதற்குச் சமூகக் காரணம் இல்லை என்று யாரும் நடிக்க வேண்டியதில்லை. மேளம் வாசிப்போர் தெற்கே பெரும்பாலும் இசைவேளாளர். சித்தூர் உள்ளிட்ட தெலுங்குப் பகுதிகளில் பெருமளவு நாவிதர் சமூகத்தார். கிருஷ்ணா, குண்டூர், பிரகாசம் பகுதிகளில் இஸ்லாமியக் குடும்பங்கள் பல. கரவதியில் பிறந்த சின்ன மௌலானா, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்று, திருவரங்கத்தில் குடியேறி, 1998இல் சங்கீத கலாநிதி ஆனார். கோசவீடு ஷேக் ஹசனுக்கு மறைவுக்குப் பின் 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபி இணையருக்குக் கிடைத்தது. மேடையில் சமமாக அமர்ந்து வாசிக்கும் மதிப்புக்காக ராஜரத்தினம் பிள்ளை வாதாடிய கதைகள் பலரும் அறிந்தவை. முன்னே இருப்பவர் போராடிப் பெற்ற மதிப்பு, பின்னே இருப்பவருக்கு இறங்கி வரவில்லை என்பதுதான் இங்கே சொல்ல வேண்டியது. கர்நாடக வாய்ப்பாட்டுக் கச்சேரியின் பதிவைச் சேகரிக்கும் எளிய இரசிகர்கூட வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார் என்று தவறாமல் குறித்து வைக்கிறார். அதே இரசிகர் மேளத்தின் பதிவுக்கு ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்கிறார். அளவுகோல் இரண்டாக இருப்பதற்கு இசைக் காரணம் ஏதும் இல்லை.

‘இது மேலைநாட்டு அளவுகோல், ஜாஸ் தட்டின் பின்னட்டையை வைத்துக் கோயில் இசையை அளப்பதா’ என்னும் மறுப்பு எழும். இதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் மதிலே விடை. ஏறத்தாழ 1014ஆம் ஆண்டைச் சேர்ந்த இராசராசனின் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று தொடர்கிறது. பாடுவோர், நட்டுவம் செய்வோர், கருவி வாசிப்போர் ஆகியோரும் தத்தம் பெயரோடும் பங்கோடும் வருகின்றனர். வாசித்தவரைப் பெயர் சொல்லிப் பதிவது தமிழ் மண்ணின் ஆயிரம் ஆண்டு வழக்கம். அதைக் கைவிட்டவர்கள்தான் இன்று அதை அயல் வழக்கம் என்கிறார்கள்.

‘குழுத்தலைவரின் பெயர் போதாதா’ என்பது இரண்டாவது மறுப்பு. ‘குவையட் கென்னி’யின் முன்னட்டையிலும் டோர்ஹமின் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. தலைமையை ஒப்புக்கொள்வதற்கும் மற்றவரை மறைப்பதற்கும் வேறுபாடு உண்டு. ‘பழைய இசைத்தட்டுகளில் பெயர் அச்சாகவில்லையே, என்ன செய்வது’ என்பது மூன்றாவது. ‘தவில்: பெயர் தெரியவில்லை, ஒத்து: பெயர் தெரியவில்லை’ என்று எழுதலாம். வெற்றிடத்தை வெற்றிடமாகக் காட்டுவதும் ஆய்வுதான். அந்த வரியைக் காணும் எவரேனும் ஒருவர் தம் பாட்டனாரின் பெயரைச் சொல்ல முன்வரக்கூடும். வரியே இல்லாவிட்டால் எவரும் வரமாட்டார்.

நான்காவது மறுப்பு கற்றறிந்தவர்களுடையது. ராஜரத்தினம் பிள்ளை குறித்து 1992இல் முனைவர் பட்ட ஆய்வு செய்த ஜப்பானிய இசையியலாளர் யோஷிதகா தெராதா, பெரிய மேளம் வீழ்ந்துவிட்டது என்னும் பேச்சுக்குப் பின்னால் பழங்கால ஏக்கம் செயல்படுவதைப் பின்னாளில் எடுத்துக்காட்டினார். ஆகவே இத்தகைய முறையீடும் அந்த ஏக்கத்தின் இன்னொரு வடிவமே என்பர். தெராதாவின் எச்சரிக்கை மதிப்புடையது. ஆனால் இங்கே வைக்கப்படும் வழக்கு, அன்று இசை உயர்ந்திருந்தது, இன்று தாழ்ந்துவிட்டது என்பதன்று. இன்று காலையிலும் வாசிக்கப்படும் இசையை, இன்று உயிரோடு இருக்கும் மனிதர்களை, பெயரில்லாமல் எழுதுகிறார்கள் என்பதே வழக்கு. பொற்காலப் பேச்சைத் துறக்க நேர்மையான வழி, ராஜரத்தினத்தின் தோடியை நூறாவது முறை பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்துத் தெரு மேளத்தை முழு விவரத்தோடு பதிவதுதான்.

அதற்குத் திருப்பதியையும் சித்தூரையும் விடத் தகுந்த இடம் வேறு உண்டா? திருமலை, கோவிந்தராஜர் கோயில், திருச்சானூர், காளத்தி, காணிப்பாக்கம் என்று நாள்தோறும் மங்கல வாத்தியம் ஒலிக்கும் தலங்கள் ஒரு பகற்பொழுதுப் பயண எல்லைக்குள் இருக்கின்றன. திருப்பதியில் 1954இல் தொடங்கிய வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1983இல் தொடங்கிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், நாகசுரமும் தவிலும் கற்பிக்கும் தேவஸ்தானத்தின் இசைக் கல்வி நிறுவனங்கள். குப்பத்தில் 1997இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம். இசையும் மொழியும் சமூகமும் ஆராய்வோர் இத்தனை பேர் மேளத்தின் ஓசை எட்டும் தொலைவில் இருக்கிறார்கள். வேங்கடம் யாருடையது என்று தொல்காப்பியப் பாயிரத்திலிருந்து 1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது வரை வழக்காடத் தெரிந்தவர்கள், அந்த எல்லையைப் பொருட்படுத்தாமல் இரு பக்கமும் நடந்து வாசித்த மேளங்களின் பட்டியல் ஒன்றைக்கூடத் தயாரிக்கவில்லை.

திருமலைக்கே உரிய ஒரு பாடமும் உண்டு. அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் நூற்றாண்டுகள் காக்கப்பட்டன. ஒவ்வொரு பாடலுக்கும் ராகத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் மெட்டு செம்பில் ஏறவில்லை. இன்று பாடப்படுபவற்றுள் மிகப் பல பிற்காலத்தார் அமைத்த மெட்டுகள். பாடல் எழுதப்பட்டதால் பிழைத்தது. பாடும் முறை எழுதப்படாததால் போயிற்று. எதைப் பொறிக்கிறோமோ அதுவே நிற்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஊரும் கற்பிக்காது. பல்லாயிரம் பாடல்களைச் செம்பில் காத்த ஊரில், அவற்றை நாள்தோறும் வாசிப்போரின் பெயர்களைத் தாளில்கூடக் காக்காதிருப்பது பொருத்தமன்று.

செய்ய வேண்டியது பெரிதன்று. மேளத்தின் பதிவு எதைப் பரிந்துரைத்தாலும் நான்கு வரிகள் கட்டாயம் இடம்பெற வேண்டும்: நாகசுரம், தவில், சுருதி, தாளம். சுருதி ஒத்தா, பெட்டியா, மின்கருவியா என்பதும் குறிக்கப்பட வேண்டும். நாள், இடம், நிகழ்ச்சி எது என்பன அடுத்து வர வேண்டும். கோயில் புறப்பாடும் திருமணமும் வானொலிக் கூடமும் வேறு வேறு இசையைத் தருகின்றன. பெயர் தெரியாதபோது தெரியவில்லை என்று எழுத வேண்டும். களப்பணி செய்யும் மாணவர், நாகசுரக்காரரிடம் மட்டும் நேர்காணல் எடுத்துத் திரும்பக் கூடாது. தாளம் போட்டவரிடம், அவர் பதினைந்து வயதுச் சிறுவனாக இருந்தாலும், பெயரும் ஊரும் குருவும் கேட்டு, அவர் இசைவோடு எழுத வேண்டும். ஆய்வேட்டை மதிப்பிடும் நெறியாளர், இவ்வரிகள் இல்லாத பின்னிணைப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒத்து வாசிக்கத் தெரிந்த முதியோர் எங்கெங்கே எஞ்சியிருக்கிறார்களோ அவர்களைக் கொண்டு, சுருதிப்பெட்டியோடு ஒரு முறையும் ஒத்தோடு ஒரு முறையுமாக ஒரே ராகத்தைப் பதிந்து ஒப்பிடும் ஆய்வு ஒன்று உடனே தொடங்கப்பட வேண்டும். பத்தாண்டு கழித்து நினைத்தாலும் அதைச் செய்ய ஆள் இருக்கமாட்டார்.

கேட்பதிலும் மாற்றம் வேண்டும். ‘குவையட் கென்னி’யை நல்ல ஆசிரியர் எவ்வாறு கேட்கச் சொல்வார்? முதல் முறை டிரம்பெட்டை. இரண்டாம் முறை பால் சேம்பர்ஸின் பாஸை மட்டும். மூன்றாம் முறை ஃபிளானகனின் பியானோ எங்கே விலகி நிற்கிறது என்பதை. நான்காம் முறை ஆர்ட் டெய்லரின் கைகளை. அந்த நான்கு முறைக் கேள்வியை ஒரு மல்லாரிக்கும் தர வேண்டும். முதலில் நாகசுரம், அடுத்துத் தவிலின் வலந்தலை எங்கே முந்துகிறது, தொப்பி எங்கே தாங்குகிறது, அடுத்துத் தாளம் காலம் மாறும் இடத்தில் எவ்வாறு உறுதியாக நிற்கிறது, இறுதியாக, எல்லாவற்றுக்கும் அடியில் அறுபடாமல் ஓடும் சுருதி. நான்காவது முறை கேட்டு முடித்தவர், அடுத்த முறை பரிந்துரை எழுதும்போது ஒரு பெயரோடு நிறுத்த மனம் கொள்ளமாட்டார்.

கார்த்திகை மாதத்தில் திருச்சானூரில் பிரம்மோற்சவம் வரும். வாகனத்தின் முன்னே மேளம் செல்லும். ஒலிப்பதிவுக் கருவியோடு செல்லும் ஆய்வு மாணவர்கள் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லட்டும். ஊர்வலம் முடிந்து, மேளக்காரர்கள் தவிலை உறையிலிட்டுத் தேநீர் குடிக்கும் நேரத்தில், கடைசியில் நின்றவரிடம் முதலில் சென்று பெயரைக் கேட்கட்டும். பட்டியலை அங்கிருந்து தொடங்கலாம்.